முப்பத்திரண்டு வரிச் சுவர்

ஈச்சம்பதியில் மேலத்தெருவுக்கும் காலனிக்கும் நடுவே நின்ற சுவர் கரையத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். சுவருக்கு மேற்கே, தென்னந்தோப்புக்காரர் சென்னியப்பன் வீட்டு அடுப்படியில், அவர் மனைவி மயிலாத்தாள் காப்பியை ஆற்றி வைத்துவிட்டு, "காப்பி ஆறுது, வாங்க" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள், அதே நொடியில் சுவருக்குக் கிழக்கே, அந்த அடுப்படியோடு முதுகு ஒட்டி நின்ற காலனி வீட்டுச் சின்ன அடுப்படியில், காளீஸ்வரி தன் கணவன் மருதாசலத்திடம், "உப்ப எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள். இரண்டு பேச்சும் வந்து சுவரில் முட்டின. வழக்கமாக முட்டிய பேச்சு முட்டிய இடத்திலேயே அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவில்லை. "காப்பி ஆறுது, வாங்கோப்ப எங்க வெச்சீங்க" என்று ஒரே பேச்சாகி, முன்பாதி மயிலாத்தாள் குரலிலும் பின்பாதி காளீஸ்வரி குரலிலுமாக, இரண்டு வீட்டிலும் கேட்டது. உள்ளே வந்த சென்னியப்பன் காப்பிக்கு எதற்கு உப்பு என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். மருதாசலம் உப்பு டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, காப்பி எங்கே என்று கேட்டான். சுவரின் மேல் அடுக்குச் செங்கல், வடகோடியிலிருந்து தென்கோடி வரைக்கும், விழாமல், உடையாமல், ஒரு தூசிகூடப் பறக்காமல், இல்லாமல் போயிருந்தது.

அதை முதலில் பார்த்தவன் மருதாசலம்தான். அவன் கொத்தனார். செங்கல் அடுக்கை அவன் தொழிலில் வரி என்பார்கள். அந்தச் சுவர் முப்பத்திரண்டு வரி என்பது அவனுக்குத் தெரியும், ஏனென்றால் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதைக் கட்டிய ஆறு பேரில் அவனும் ஒருவன். மேலத்தெருவில் கரண்டி பிடிக்கத் தெரிந்தவர் இல்லாததால் காலனிக் கொத்தனார்களைத்தான் கூப்பிட்டார்கள், வரமாட்டேன் என்றவர் வீட்டில் யாருக்கும் தோப்பில் வேலை கிடையாது என்றார்கள். தன்னை வெளியே வைத்துத் தானே கட்டிய சுவரை அவன் ஒன்பது வருஷமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் பஸ் ரோடு, இந்தப் பக்கம் காலனி. சுவர் வருவதற்கு முன்னால் இருநூறு எட்டு எடுத்து வைத்தால் பஸ் நிற்கும் புளியமரம். வந்த பிறகு சுவரின் தென்கோடியைச் சுற்றிப் பள்ளத்தில் இறங்கி வாய்க்கால் கரையோடு இரண்டு கிலோமீட்டர். சுவரை எதிர்த்துப் போய்க் கத்திய பதினொரு பேர் பதினைந்து நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார்கள்.

"ஒரு வரி கொறையுது," என்றான் மருதாசலம், கழுத்தை நிமிர்த்தியபடி.

காளீஸ்வரி சுவரைப் பார்க்கவில்லை, கேட்ட பேச்சையே யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் எல்லை தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருத டீச்சர். கல்லூரியில் சேரப் போனபோது மிச்சமிருந்தது அந்தப் பாடத்தில் ஒரே ஓர் இடம். ஏதாவது படித்தால் போதும் என்று உட்கார்ந்தவள், இரண்டாம் மாதம் சந்தி என்னும் பாடம் வந்த அன்று, ஒரு சொல்லின் கடைசி ஓசையும் அடுத்த சொல்லின் முதல் ஓசையும் தொட்ட மாத்திரத்தில் இரண்டும் குணம் மாறுகின்றன என்று வாத்தியார் சொன்ன அன்று, இனி வேறு எதுவும் படிக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தாள். அவள் பெயரே அப்படி ஆனதுதான், காளியின் ஈயும் ஈஸ்வரியின் ஈயும் கரைந்து ஒரே ஈ.

"தமிழா இருந்தா வாங்கவுப்புன்னு வந்திருக்கணும்," என்றாள் அவள். "நடுவுல ஒரு 'வ' வந்து நின்னு, இதையும் அதையும் தனித்தனியாக் காப்பாத்தி உட்டுருக்கும். இது வாங்கோப்புன்னு வந்துருக்குது. சூரியனும் உதயமும் சேந்து சூரியோதயம் ஆகற மாதிரி. அதுவும் போச்சு, இதுவும் போச்சு, ரெண்டுலயும் இல்லாத ஒண்ணு வந்துருச்சு. சுவருக்கு சமஸ்கிருதம் புடிச்சிருக்குதுங்க."

"புடிச்சா புடிச்சுட்டுப் போவட்டும். வரி கொறையுதல்ல," என்றான் மருதாசலம்.

அப்படித்தான் ஈச்சம்பதி அதை எடுத்துக்கொண்டது. ஒரு பக்கம் ஒருத்தர் பேசி முடிக்கிற நொடியும் மறுபக்கம் ஒருத்தர் பேசத் தொடங்குகிற நொடியும் ஒன்றாக விழும்போது மட்டும் பேச்சு சேர்ந்தது, சேர்ந்த ஒவ்வொரு முறையும் ஒரு வரி குறைந்தது, குறைந்த இடத்தில் காரைப்பூச்சின் மேல் வளைந்த நகக்கீறல் போல ஒரு குறி மிஞ்சியது. சொல்லிலிருந்து ஓசை ஒன்று விழுந்துபோனால் அங்கே சமஸ்கிருத எழுத்தில் போடுகிற குறி அது என்று காளீஸ்வரி தண்ணிக் குழாயடியில் பெண்களுக்குச் சொன்னாள். அவர்கள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, சரி, போன செங்கல் கணக்காகத்தான் போயிருக்கிறது என்று தலையாட்டினார்கள். மேலத்தெருவில் பல்வலி என்று புலம்பிய கிழவர் காலனியில் யாரோ பேரனுக்குச் சொன்ன கிராம்பு வைத்தியத்தைத் தன் வாக்கியத்தின் மறுபாதியாகக் கேட்டு, கிராம்பு வைத்துக் கடித்துக் குணமானார், வைத்தியம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் இருந்துவிட்டார். மூன்று வாரத்தில் ஐந்து வரி போனது. மேலத்தெருக் கமிட்டிக்காரர்கள் மழையில் கரைந்தது என்று முதலில் சொன்னார்கள், மழை பெய்யவில்லை என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய நிலைமை ஒரு கொட்டாவியால் வந்தது. சுவரின் தென்கோடியில் காலனிப் பக்கம் சுள்ளி பொறுக்கிய பெண்ணுக்கு முள் குத்தியது, "ஆ" என்றாள். மேலத்தெருப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் கிடந்த ஒருவர் அதே நேரம் கொட்டாவி விட்டு, "ஆ" என்றார். இரண்டு ஆவும் ஒரு நீண்ட ஆவாகிக் கேட்டு அடங்கியபோது, அந்த இடத்தில் முழ அகலத்துக்குச் சுவர், உச்சியிலிருந்து அஸ்திவாரம் வரை, இல்லை. காலனிக் கோழி மேலத்தெருவுக்குப் போனது. மேலத்தெருக் கோழி காலனிக்கு வந்தது. சென்னியப்பன் ஆள் விட்டு அந்த இடைவெளியைக் கல்லும் சாம்பல் மூட்டையும் வைத்து அடைத்தார்.

காளீஸ்வரிக்கு அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது. வெவ்வேறு ஓசைகள் சந்தித்தால் ஒரு வரிதான் போகிறது. ஒரே ஓசை இரண்டு பக்கமும் சந்தித்தால் நடுவில் எதுவும் நிற்பதில்லை. இலக்கணத்தில் அதற்குச் சவர்ண தீர்க்கம் என்று பெயர். சவர்ணம் என்றால் ஒரே இனத்து ஓசை. ஊருக்குள் சவர்ணர் என்று யாரைச் சொல்வார்கள் என்பது அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். இலக்கணம் பிறப்பைக் கேட்கவில்லை. வாயை ஒரே மாதிரித் திறந்தால் போதும் என்றது.

மேலத்தெருக் கமிட்டி கோயில் மண்டபத்தில் கூடி, இது பேச்சில் வந்த கோளாறு, பேச்சு தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும் என்று முடிவெடுத்து, பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றில் வியாகரணம், அதாவது சமஸ்கிருத இலக்கணம், சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஹரிஹரய்யரை ஒரு சனிக்கிழமை கார் வைத்து அழைத்து வந்தது. அவர் சென்னியப்பன் வீட்டுப் பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மோர் குடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பூச்சின் மேலிருந்த கீறல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது வியாதியில்லை, வியாகரணம்," என்றார். "சுவர் தப்பே பண்ணலை. எல்லாம் விதிப்படிதான் கரைஞ்சிருக்கு."

"நிறுத்தறதுக்கு வழி இருக்குதுங்களா?" என்று சென்னியப்பன் கேட்டார்.

"இருக்கே. ரெண்டு சொல்லுக்கு நடுவிலே மௌனம் இருந்தா சந்தி வராது. நீங்க பேசாம இருந்தாப் போரும்."

கமிட்டிக்காரர்கள் இவ்வளவு எளிதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, விடுமுறை நாளாகையால் வீட்டிலிருந்து துணி துவைத்துக்கொண்டிருந்த காளீஸ்வரி, சமஸ்கிருதத்தில், எந்த மௌனத்தைச் சொல்கிறீர்கள், மூச்சு விடுகிற மௌனமா, வாக்கியம் முடிகிற மௌனமா என்று கேட்டாள். ஹரிஹரய்யர் எழுந்து நின்றார். கண் தெரியாதவர் கையை நீட்டுவது போலச் சுவரைப் பார்த்துக் கையை நீட்டி, யார் பேசுவது என்று சமஸ்கிருதத்தில் கேட்டார், அவர் கேட்டு முடித்த ஓசையில் அவள் பதிலின் முதல் ஓசை வந்து ஒட்டியது, ஒரு வரி போனது.

பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசியது ஈச்சம்பதியில் ஒருவருக்கும் புரியவில்லை, ஆனால் ஒருவரும் இடத்தை விட்டு நகரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்றும் ஒட்டமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிற சில சொற்கள் உண்டே, அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது என்று அவர் கேட்டார். அவை இரண்டு பேரைக் குறிக்கிற சொற்கள், இரண்டாக இருப்பதே அவற்றின் பொருள், சேர்ந்துவிட்டால் பொருள் போய்விடும் என்று அவள் சொன்னாள். அப்படியானால் இந்தச் சுவர் என்று அவர் தொடங்கினார். சுவருக்கு அப்படி ஒரு பொருளும் இல்லை என்று அவள் முடித்தாள். அவர் கேட்க அவள் சொல்ல, அவள் கேட்க அவர் மறுக்க, அவள் மறுப்பை மறுக்க அவர் தொடையில் தட்டிச் சிரிக்க, ஒரு வரி, இன்னொரு வரி, பிறகு இன்னொன்று என்று வெயில் தாழ்வதற்குள் பதினொரு வரி போய், சுவர் மாரளவில் வந்து நின்றது. அப்போது ஹரிஹரய்யர் அவளைப் பார்த்தார். ஈரக் கையோடு, சேலையைத் தூக்கிச் செருகிய கோலத்தில் நின்றவளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"எட்டு வருஷமாச்சு, ஒருத்தர்கிட்ட இப்படிப் பேசி," என்றார்.

சென்னியப்பனுக்கு முகம் கறுத்துப்போயிருந்தது. "சாமி, உங்கள நிறுத்தறதுக்குக் கூட்டிட்டு வந்தா, பாதிய நீங்களே கரைச்சுட்டீங்களே."

"நிறுத்தற வழியை முதல்லயே சொல்லிட்டேனே," என்றார் அவர், செருப்பைத் தேடிக்கொண்டே. "எனக்குத்தான் நிறுத்த முடியலை."

மறுநாள் மேலத்தெருவில் மௌனம் அமலுக்கு வந்தது. சுவரிலிருந்து முப்பது அடிக்குள் யாரும் வாய் திறக்கக் கூடாது. சுவரை ஒட்டிய இருபது வீடுகளின் அடுப்படிகளும் அந்த முப்பது அடிக்குள்தான் இருந்தன. கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால் சோறு ஆயிற்று என்று பொருள், இரண்டு தட்டினால் குழம்பு ஆகவில்லை என்று பொருள், டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் கோபம். காலனிக்கும் ஒரு சேதி வந்தது: சுவர் பக்கம் நின்று பேசுகிறவர்களின் குடும்பத்தில் ஒருத்தருக்கும் தோப்பில் வேலை இல்லை.

அன்று சாயங்காலம் காலனி ஆலமரத்தடியில் கூடியது. மருதாசலம் கடப்பாரையோடு வந்திருந்தான். "மீதி இருக்கறது பதினாறு வரி," என்றான். "நான் கட்டுனது. நாலு பேரு வந்தா அரை மணி நேர வேலை."

"ஒடச்சா கேஸு," என்றார் பழனான். பதினைந்து நாள் உள்ளே இருந்த பதினொரு பேரில் மூத்தவர் அவர். "பதினஞ்சு நாளுக்கு நான் போய் இருந்து பாத்தவன். நீ டீச்சரு, நீ சொல்லு. பேசுனா என்ன கேஸு?"

"பேச்சுக்குக் கேஸு இல்லீங் பெரியப்பா," என்றாள் காளீஸ்வரி. "ஆனா வேலை போயிரும்."

ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை நாளுக்கு அரிசி இருக்கிறது என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். "நாங்க ஆம்பளைங்க கோயமுத்தூர் பக்கம் கட்டட வேலைக்குப் போறம்," என்றார் பழனான். "பொம்பளைங்க பேசுங்க. வேற என்ன, வழக்கமாப் பேசறதத்தான பேசப் போறீங்க."

கடப்பாரை வீட்டுக்குத் திரும்பிப் போனது. ஆண்கள் விடியலில் வாய்க்கால் கரையைச் சுற்றிப் போய் லாரி ஏறி இருட்டிய பிறகு திரும்பினார்கள், பெண்கள் சுவரோரம் உட்கார்ந்து பேசினார்கள். பேசினார்கள், ஆனால் எதுவும் நடக்கவில்லை, ஏனென்றால் ஒட்டுவதற்கு மறுபக்கத்தில் பேச்சில்லை. மேலத்தெரு வாயை இறுக மூடிக்கொண்டிருந்தது. தோப்பில் பறிக்க ஆளில்லாமல் தேங்காய் தானே விழுந்தது. விழுகிற சத்தம் மட்டும் அந்தத் தெருவில் பேசியது. கமிட்டி பொள்ளாச்சியிலிருந்து கொத்தனார்களைக் கூட்டி வந்து சுவரைத் திரும்ப உயர்த்தப் பார்த்தது. கொத்தனார்களால் பேசாமல் வேலை செய்ய முடியுமா. "கலவை கொண்டா" என்று சாரத்தில் நின்றவன் கத்தினான், காலனிப் பக்கம் ஒரு கிழவி, "ஆரப்பா அது" என்று கேட்டாள், அவன் நின்றிருந்த இடத்தில் இரண்டு முழச் சுவர் சாரத்தோடு சேர்ந்து இல்லாமல் போய், அவன் கிழவியின் காலடியில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். இது நாங்கள் படித்த வேலை இல்லை என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அந்த இடைவெளியில் கமிட்டி ஒரு பழைய மாட்டுவண்டியைக் குறுக்கே நிறுத்தியது.

அந்த நாட்களில் காளீஸ்வரி மயிலாத்தாளின் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக அவளைச் சத்தத்தால் மட்டும் தெரியும்: பால் பொங்கும்போது பாலைத் திட்டுவாள், காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு நேற்று ஏன் வரவில்லை என்று காக்காயை விசாரிப்பாள், அம்மியில் அரைத்துக்கொண்டே கட்டிக்கொடுத்த மகளிடம் போனில் ஊர்க்கதை எல்லாம் சொல்வாள். இப்போது மாரளவுச் சுவருக்கு மேலே தெரிந்த மயிலாத்தாள் நினைத்ததைவிடக் குள்ளம், நெற்றியில் ஒரு பழைய தழும்பு, மூடிய வாய். காக்காய்க்குச் சோற்றை வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். காக்காய் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டுப் போனது. காளீஸ்வரிக்குச் சுவர் நின்றதைவிட இதுதான் பொறுக்கவில்லை.

அவள் தினமும் காலையில் ஒரு கேள்வி கேட்டாள். "ஆத்தாங், மொளகா வத்தல் ஈரமாப் போச்சுங், என்ன பண்றதுங்." பதில் இல்லை. "ஆத்தாங், கீரை கசக்குதுங், எதனாலீங்." மயிலாத்தாளின் கன்னம் துடித்ததே தவிர வாய் திறக்கவில்லை. பதினாறாவது நாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தனக்குள்ளே சொல்லிப் பார்த்தபோதுதான் காளீஸ்வரிக்குத் தட்டுப்பட்டது. எல்லாக் கேள்வியும் 'ங்' என்று முடிந்தது. மேலத்தெருக்காரர்களிடம் பேசும்போது காலனியின் ஒவ்வொரு பேச்சும் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் முடிந்தது: வாங், போங், சொல்லுங், சரீங். மரியாதைக்காகப் போட்ட அந்த எழுத்து கடைசியில் தொண்டையை அடைத்து, பேச்சை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறது. கதவை மூடி வைத்துக்கொண்டு வெளியே இருப்பவளை ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து மருதாசலத்திடம் சொன்னாள். "நாளைக்கு அக்கான்னு கூப்படப் போறேன்."

மருதாசலம் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தான். காலனியிலிருந்து யாரும் மேலத்தெருப் பெண் ஒருத்தியை முறை வைத்துக் கூப்பிட்டதில்லை. அப்படிக் கூப்பிட்ட ஒரு பையனின் அப்பாவை எங்கே கட்டி வைத்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"யோசனை பண்ணித்தான் சொல்றியா?"

"அவங்க என்னய விட ஒரு பத்து வயசு மூப்பு இருக்கும். வேற என்னன்னு கூப்படறதுங்க?"

அவன் சாப்பிட்டு முடித்தான். பிறகு, "சுவத்துக்குப் பக்கத்துல நானும் நிக்கறேன்," என்றான். அவள் குழாயடிக்குப் போய் மற்றப் பெண்களிடமும் சொல்லிவிட்டு வந்தாள். சிலர் பயந்தார்கள். ஒருத்தி அந்தச் சொல்லை அங்கேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

பதினேழாவது நாள் செவ்வாய்க்கிழமை. மருதாசலமும் பழனானும் லாரி ஏறாமல் சுவரோரம் வந்து நின்றார்கள். காளீஸ்வரி பள்ளிக்கூடத்துக்குச் சேலை கட்டிக்கொண்டு, சாம்பார் கொதிக்கையில் வேண்டுமென்றே இரண்டு பங்கு புளியைக் கரைத்து ஊற்றினாள். புளிப்பு வாசனை சுவரைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் மயிலாத்தாள் அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து, மூக்கை உறிஞ்சி, இங்கே பார்த்தாள். அவள் சமைத்த எந்தக் குழம்பிலும் புளி கூடியதில்லை, அடுத்த வீட்டில் கூடினாலும் சும்மா இருக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"சாம்பார்ல புளி தூக்கிருச்சு," என்றாள் காளீஸ்வரி. வாயை முழுக்கத் திறந்து, மூடாமல் விட்டாள். "என்ன பண்ணட்டும், அக்கா?"

மயிலாத்தாள் திரும்பி முற்றத்தைப் பார்த்தாள். அங்கே சென்னியப்பன் துண்டை உதறிக்கொண்டு நின்றவர் அப்படியே நின்றுபோயிருந்தார், ஒரு விரல் உதட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் அந்த விரலைப் பார்த்தாள். காற்றில் இன்னும் மூடாமல் நின்ற ஆவைக் கேட்டாள். தன்னை அக்கா என்று கூப்பிட ஒரு தங்கை இல்லாமலே வளர்ந்தவள் அவள்.

"அச்சு வெல்லம் ஒரு துண்டு போடு," என்றாள்.

அக்காச்சு வெல்லம் ஒரு துண்டு போடு என்று ஈச்சம்பதி முழுக்கக் கேட்டது. இரண்டு அடுப்படிகளுக்கு நடுவே பதினாறு வரியும், அஸ்திவாரமும், அஸ்திவாரத்துக்குக் கீழே போட்ட கருங்கல்லும் இல்லாமல் போயின. அவள் ஓர் அடுப்பின் முன்னாலும் இவள் ஓர் அடுப்பின் முன்னாலும் நின்றார்கள், நடுவே வெறும் தரை, அதில் காலை வெயில்.

சென்னியப்பன் ஓடி வந்தார். "பேசாதன்னு சொல்லியிருக்குதல்ல," என்றார்.

"கேட்டவளுக்குப் பதில் சொல்லாம எப்படீங்க இருக்கறது?" என்றாள் மயிலாத்தாள். பதினேழு நாளுக்குப் பிறகு பேசிய வாய் அத்தோடு நிற்கவில்லை. "பெருங்காயமும் கொஞ்சம் போட்டுக்க. அடுப்பக் கொறச்சு வையி. நானும் நாளெல்லாம் பாக்கறேன், நீ தாளிக்கறப்ப கடுகு கருகுது, எண்ணெய் பொகையறதுக்கு முன்னால போட்டரோணும்." அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வடக்கே இரண்டாவது வீட்டில் ஒரு காலனிப் பெண், "பாலு திரிஞ்சு போச்சு, அக்கா," என்றாள், மேலத்தெருவில் அந்த அடுப்படிக்காரி, சென்னியப்பன் மனைவியே பேசிவிட்டாள், இனி எனக்கென்ன என்று, "அட, தூக்கி ஊத்தீராத," என்றாள். அங்கே சுவர் இல்லை. அதற்கடுத்த வீட்டில் ஒருத்தி அக்கா என்றாள், அப்படியா என்றது அந்தப் பக்கம். அதற்கடுத்த வீட்டில் அக்கா, ஆமா. பதினேழு நாளாகப் பல்லுக்குப் பின்னால் அடைத்து வைத்த பேச்செல்லாம் திறந்துகொண்டது. மகளின் வளைகாப்பும், மாமியாரின் முழங்காலும், ஆவின் பாலில் தண்ணீர் கலக்கிறார்களா இல்லையா என்பதும், ஒன்பது வருஷமாக ஒன்றின் சத்தத்தை ஒன்று கேட்டே வாழ்ந்த இருபது ஜோடி அடுப்படிகளில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கமுமாகப் புறப்பட்டு, ஆவோடு ஆ சேர்ந்து, ஆ நீண்டு, சாம்பல் மூட்டையையும் மாட்டுவண்டியையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு தென்கோடி வரைக்கும் போனது. சென்னியப்பன் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மிஞ்சியிருந்த கடைசித் துண்டை நோக்கி ஓடி, இரண்டு கையையும் விரித்து, "நிறுத்து," என்று கத்தினார். "உலை கொதிக்குது," என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். நிறுத்தூலை கொதிக்குது என்று அவர் குரலிலேயே கேட்டது, அவர் கையை விரித்தபடி வெட்டவெளியில் நின்றார்.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பழனான் மெதுவாக நடந்து வந்து, சுவர் நின்ற இடத்தைத் தாண்டி, மேலத்தெருவைத் தாண்டி, பஸ் ரோட்டுப் புளியமரத்தில் கையை வைத்துவிட்டு, திரும்பி அதே வழியில் வந்தார். பிறகு மறுபடியும் போனார். மருதாசலம் எட்டுகளை எண்ணிக்கொண்டு அவர் பின்னாலேயே போனான். இருநூற்றுப் பன்னிரண்டு, முன்பைவிடப் பெரியப்பாவின் எட்டு சின்னதாகிவிட்டது என்றான்.

சென்னியப்பன் எழுதிக் கொடுத்த மனுவின் பேரில் பத்து நாள் கழித்துத் தாலுகா ஆபீஸிலிருந்து சர்வேயர் வந்தார். சுவர் எந்த இடத்தில் இருந்தது என்று காட்டச் சொன்னார். மேலத்தெருக்காரர்கள் தேடினார்கள். காலனி எங்கே முடிகிறது, மேலத்தெரு எங்கே தொடங்குகிறது என்று அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார்கள். ஒரு நீண்ட ஆவில் முதல் ஆ எங்கே முடிந்தது, இரண்டாவது ஆ எங்கே தொடங்கியது என்று காட்ட முடியாதது போலவே அதையும் காட்ட முடியவில்லை. மயிலாத்தாளும் காளீஸ்வரியும் ஆளுக்கொரு டம்ளர் மோர் கொண்டு வந்து கொடுத்தார்கள். சர்வேயர் இரண்டையும் குடித்துவிட்டு, பொதுப் பாதை என்று எழுதிக்கொண்டு போனார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், சாம்பாரில் வெல்லம் கரைந்து அடங்கிய பிறகு, காளீஸ்வரி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சென்னியப்பன் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்தாள். முற்றத்தில் சென்னியப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, யாருடைய பேச்சோடு போய் ஒட்டிக்கொள்ளுமோ என்று வாயை மூடிக்கொண்டு, காலை மட்டும் மடக்கி வழி விட்டார். அவள் நடந்தாள்.

"இரு, ருசி பாத்துட்டு வர்றேன்," என்று பின்னாலிருந்து மயிலாத்தாளின் குரல் வந்தது. கையில் ஒரு கிண்ணத்தோடு காளீஸ்வரியின் அடுப்படியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். "இப்பச் சரியா இருக்குது. ஆமா, எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். மழைக்காலத்துல காலையில நீ என்னமோ பாடுவியே, அது என்ன பாட்டு?"

"பாட்டு இல்லீங்க்கா, பாடம்."

"அதச் சொல்லு."

காளீஸ்வரி புளியமரத்தைப் பார்த்தாள். தூரத்தில் எட்டேகால் பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. பையை இறக்கித் தரையில் வைத்தாள்.

இரண்டு கிலோமீட்டர் சுற்றி நடந்த ஒன்பது வருஷத்தில் அவள் ஒரு நாளும் தாமதமாகப் பள்ளிக்கூடம் போனதில்லை. அன்று அடுத்த பஸ்ஸும் போய், அதற்கடுத்த பஸ்ஸில் ஏறி அவள் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது பாடவேளை நடந்துகொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் கோவிந்தன்குட்டி தாமதப் பதிவேட்டைத் திறந்து, அவள் பக்கம் திருப்பி வைத்து, காரணம் எழுத வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். காளீஸ்வரி பேனாவைத் திறந்து, நல்ல கையெழுத்தில், நிதானமாக, பேசிக்கொண்டிருந்தேன் என்று எழுதினாள்.